ஓய்வு பெற்றபின் உ.வே.சா.

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறியில் அமர்ந்திருக்கும் முதியவர்களைப் பார்த்து, தாங்கள் எந்த வயதில் ஓய்வு பெறுவீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். கண்ணும் காலும் ஒத்துழைக்கும்வரை நெசவு. பார்வை மங்கினால் தார் சுற்றுதல். அதுவும் இயலாதபோது இளையோர்க்குப் பக்கத்தில் அமர்ந்து நுணுக்கம் சொல்லிக்கொடுத்தல் என்று அவர்தம் முதுமை ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்கு மெல்ல இறங்கிச் செல்கிறது. அவர்கள் அவ்வாறு உழைப்பதற்கு வறுமையும் ஒரு காரணம் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் அதே தெருவில் வாழும் ஆசிரியரின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. தமிழக அரசு ஊழியர்க்கு நெடுங்காலம் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. எண் எதுவாயினும், பணி நிறைவு நாளன்று மாலையும் பொன்னாடையும் சுவர்க்கடிகாரமும் பெற்று வீடு திரும்பும் ஒருவர், மறுநாட் காலையில் எழுந்து, குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்தபின் எங்கே செல்வது என்றறியாமல் திண்ணையில் அமர்ந்துவிடுகிறார். நெசவாளிக்குக் கிட்டாத ஓய்வூதியம் அவருக்குக் கிட்டியிருக்கிறது. நெசவாளியிடம் இருக்கும் வேலை அவரிடமிருந்து போய்விட்டது. அந்தக் கடிகாரம் அவருக்குக் காட்டும் நேரத்தை அவர் என்ன செய்வார்?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நம் பள்ளத்தாக்கிற்குள்ளேயே ஒரு சான்றைக் காணலாம். தைப்பொங்கல் நாளில் தேனி மாவட்ட மக்கள் நன்றியுடன் நினைக்கும் கர்னல் ஜான் பென்னிகுயிக், பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டதற்கு மறுஆண்டு இந்தியாவை விட்டுச் சென்றார். சென்றவர் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரிக்குத் தலைமை தாங்கினார். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குக் கடல் கடந்து சென்று, அங்குள்ள ஆற்றின் வெள்ளத்தைத் தணிக்கும் வழி குறித்து ஆராய்ந்து அறிக்கை அளித்தார். ஆயினும் அணையும் ஆறும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பழைய சுவடிகளும் தாளும் எழுதுகோலும் மட்டுமே கொண்டு, அறுபத்துநான்கு வயதுக்குப்பின் ஒரு முழு வாழ்நாளுக்குரிய பணியைச் செய்து முடித்த ஒரு தமிழாசிரியரைப் பற்றி எழுதுவதே தமிழ்த்துறை மலருக்குப் பொருந்தும் என்று கருதினோம். மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாதையரே அவர்.

அவர்தம் இளமைக்கால வரலாற்றை மாணவர் பாடநூலில் படித்திருப்பர். ஆதலின் அதனை விரிக்காமல் கூறிச் செல்கிறோம். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த சூரியமூலை என்னும் சிற்றூரில் பிறந்தார். சொந்த ஊர் உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். ஊர் ஊராகச் சென்று இராமாயண இசைச்சொற்பொழிவு செய்து குடும்பம் காத்தவர். மகனும் இசையில் தேர வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனின் மனமோ தமிழிலேயே நின்றது. 1871இல், தமது பதினேழாம் வயதில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்பெரும்புலவரிடம் சாதி, சமய வேறுபாடின்றிப் பலர் பாடங்கேட்டனர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணவருள் ஒருவர் என்பது நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மாயூரத்தில் தங்கியிருந்தபோது உ.வே.சா. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில நாள் இசையும் பயின்றார். அது தம் ஆசிரியருக்கு உவப்பன்று எனத் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். இச்சிறு நிகழ்ச்சியைப் பின்னர் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

1876இல் ஆசிரியர் மறைந்தார். 1880இல் வித்துவான் தியாகராச செட்டியார் தாம் வகித்த கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழாசிரியர் பதவியை உ.வே.சா.வுக்குக் கிடைக்கச் செய்தார். மாதச் சம்பளம் 50 ரூபாய். அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் என்னும் முன்சீப்பைக் காணச் சென்றார். அதுவரை தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் பெருமையோடு அடுக்கிச் சொல்ல, முதலியாரோ அவற்றுக்கும் முற்பட்ட பெருநூல்களைப் படித்ததுண்டா என்று வினவிச் சீவக சிந்தாமணியை அவர் கையில் கொடுத்தார். அன்று தொடங்கிய தேடலின் விளைவாகச் சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தது. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தமக்கு வேலை வாங்கித் தந்தவரின் பெயரை வீட்டு வாயிலில் எழுதி வைக்கும் வழக்கம் அன்றும் அரிது, இன்றும் அரிது.

கும்பகோணத்தில் அவர் கண்ட மற்றொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை அரசுக் கணக்குத்துறையில் பணியாற்றி 1882இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப்பின் கும்பகோணத்தில் வழக்குரைஞர் தொழிலை மேற்கொண்டதோடு, இறையனார் களவியலுரையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேற்றினார். முப்பது வயதை நெருங்கிய உ.வே.சா.வுக்கும் ஐம்பதைக் கடந்த அவருக்கும் இடையே ஏட்டுச்சுவடி குறித்துப் பழக்கமும் இருந்தது. சிறிது போட்டியும் இருந்தது. இருவரில் யார் பெரியர் என்னும் பட்டிமன்றம் நமக்கு வேண்டா. உத்தியோகத்தை விட்ட ஒருவர் அதன்பின் தமிழுக்கு என்ன செய்ய முடியும் என்பதை இளம் உ.வே.சா. மிக அருகிலிருந்தே கண்டார் என்பதே நாம் கருதத்தக்கது.

1919இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 64. முப்பத்தொன்பது ஆண்டுக் கல்லூரிப் பணி முடிந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் இன்று முழுமையாகக் கிடைக்கும் மூன்றையும், சங்கத் தொகை நூல்களில் பலவற்றையும் நாட்டுக்கு அளித்துவிட்டார். பட்டமும் பெற்றுவிட்டார். இனி அவர் திண்ணையில் சாய்ந்திருந்தாலும் வரலாறு அவரை விட்டிருக்காது. 1942இல் காலமாகும்வரை அவர் வாழ்ந்த எஞ்சிய 23 ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், கல்லூரிப் பணிக்காலத்தில் பாதிக்கு மேற்பட்ட ஒரு காலம் அவருக்கு அதன்பின்னும் இருந்தது என்பது விளங்கும். இதைப் பணி நிறைவு பெறும் எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஓய்வு என்பதை வாழ்வின் கடைசி அத்தியாயம் என்று எண்ணிவிடுகின்றனர்.

கல்லூரியை விட்டு வந்த உ.வே.சா. தம்மோடு கொண்டுவந்த செல்வம் எது? ஏடுகள் உண்டு; அவற்றினும் பெரியவை அவர்தம் கைக்குறிப்புகள். சுவடிப் பதிப்பு எத்தகைய வேலை என்பதை இக்கால மாணவர்க்குச் சிறிது விளக்க வேண்டும். பனையோலை ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். சீர் பிரிப்பு இல்லை. அடி பிரிப்பு இல்லை. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதையும் படிப்பவரே உணர்ந்துகொள்ள வேண்டும். செல் அரித்த இடமும் ஓரம் முறிந்த இடமும் தனி. ஒரு சொல்லை அதுதான் என்று துணிய வேண்டுமானால், அச்சொல் வேறெந்த நூலில் எந்தப் பொருளில் வந்துள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டும். இதற்காக உ.வே.சா. தாம் படித்த ஒவ்வொரு நூலுக்கும் சொல்லகராதியும், ஒத்த கருத்துள்ள பகுதிகளின் குறிப்பும் எழுதி வைத்துக்கொண்டே வந்தார். இளமையில் ஒரு சொல்லுக்குப் பல நாள் அலைந்தவர், முதுமையில் தம் குறிப்பேட்டைப் புரட்டியே விடை கண்டார். முதுமையில் நினைவு தளர்வது இயற்கை. நாற்பதாண்டுக் குறிப்புகள் தளர்வதில்லை. அவர்தம் ஓய்வுக்கால உழைப்பின் பெருமைக்கு உடல்நலத்தைக் காட்டிலும் இப்பழக்கமே காரணம் என்பது நம் கருத்து.

முதலில் அவர் கையிலெடுத்த பெரும்பணி கொங்குவேளிரின் பெருங்கதை. உதயணன் வரலாறு கூறும் அந்நூலுக்குக் கிடைத்த ஏட்டில் முதற்பகுதியும் இல்லை, இறுதிப்பகுதியும் இல்லை, இடையிலும் சிதைவுகள். தொடக்கமும் முடிவும் இல்லாத காப்பியத்தை அச்சிடத் துணிவது எளிதன்று. கிடைக்காத ஏடு என்றேனும் கிடைக்கும் என்று காத்திருந்தால், கிடைத்த பகுதியும் செல்லுக்கு இரையாகும். கிடைத்தவரையில் 1924இல் வெளியிட்டார். அதன்பின்னும் அவர் அதனை மறக்கவில்லை. உதயணன் கதையை முழுமையாகக் கூறும் உதயணகுமார காவியம் என்னும் சிறுநூலைப் பதினோராண்டு கழித்து, 1935இல், தம் எண்பதாம் வயதில் பதிப்பித்தார். பெருங்கதையில் அழிந்த பகுதிகளின் கதைப்போக்கைக் கற்போர் அறிந்துகொள்ள அது துணை செய்தது. அறுபத்தொன்பதில் விட்ட இடத்தை எண்பதில் தொட்டு நிரப்பியது இது.

ஏட்டை அச்சேற்றும் பணி ஒரு சமயத்தார்க்கோ ஒரு குலத்தார்க்கோ உரியதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நம் கைக்கு அச்சு வடிவில் வந்தது, 1842இல் அதனைப் பதிப்பித்த செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் போன்றோர் பட்ட பாட்டினாலேயாம். நம் பகுதிப் பெரியோர் இல்லங்களிலும் பரண்மேல் ஓலைச்சுவடியோ, அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதியோ, பாட்டனார் எழுதிய கணக்கேடோ துணியில் கட்டிக் கிடக்கக்கூடும். அவற்றை அவிழ்த்துப் பார்ப்பதற்குப் பணியில் இருப்போர்க்கு நேரமில்லை. பார்க்க நேரமுள்ளோர்க்கு அது ஒரு வேலை என்னும் எண்ணமில்லை. இடையில் கரையான் தன் வேலையைச் செய்கிறது. அதற்கு ஓய்வு வயது கிடையாது.

பெருங்கதை வெளிவந்த 1924ஆம் ஆண்டிலேயே உ.வே.சா. மீண்டும் கல்லூரிக்குள் நுழைந்தார். அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நடத்திய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக வேண்டுமென்று அழைக்க, அறுபத்தொன்பது வயதில் சென்னையை விட்டுச் சிதம்பரம் சென்றார். பின்னர் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு முன்னோடியாக அமைந்த கல்விநிலையங்களுள் அதுவும் ஒன்று. மூன்றாண்டுகள் பணியாற்றியபின், உடல்நலம் இடங்கொடாமையால் 1927இல் அப்பொறுப்பை விட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அவர்தம் ஊக்கத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இத்திரும்புதலைச் சிறிதாகச் சொல்லிக் கடந்துவிடுவர். எங்களுக்கோ இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. தம்மால் இயலாத வேலை எது என்பதை அறிந்து அதனை விட்டமையால்தான் இயலும் வேலைக்கு அவரிடம் வலிமை எஞ்சியது. நிர்வாகம் அவருக்கு உரியதன்று. ஏடும் எழுத்தும் உரியவை. பணி நிறைவு பெற்றபின்னும் சங்கத் தலைமை, சபைத் தலைமை, கட்டடக்குழுத் தலைமை என்று நாற்காலிகளைத் தேடிச் செல்வதையே சுறுசுறுப்பு என்று கருதுவோர் நம்மிடையே உளர். உ.வே.சா.வின் சுறுசுறுப்பு அவ்வகையினதன்று.

1927ஐ ஒட்டி அவர் வாழ்வில் இரண்டு நிகழ்ந்தன. ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய தொடர் சொற்பொழிவுகள். அவை சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும் என்னும் நூலாக 1929இல் வெளிவந்தன. மற்றொன்று, இருபது வயது கடந்த ஓர் இளைஞர் அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தது. அவரே பிற்காலத்தில் கலைமகள் ஆசிரியராகப் புகழ்பெற்ற கி.வா. ஜகந்நாதன். ஆசிரியர்க்கு எழுபதைக் கடந்த வயது. மாணவர்க்கு அதில் மூன்றிலொரு பங்கு கூட இல்லை. பாடஞ்சொல்வதும் பதிப்பு வேலையும் அவ்வீட்டில் ஒன்றாகவே நடந்தன. ஏட்டைப் படிக்கவும், அச்சுப்படி திருத்தவும், ஆசிரியர் சொல்வதை எழுதவும் இளங்கண்களும் இளங்கைகளும் துணையாயின. தக்கயாகப்பரணியும் தமிழ்விடுதூதும் 1930இலும், குமரகுருபரர் பிரபந்தத் திரட்டு 1939இலும் வந்தன. கோவை, உலா, தூது எனச் சிறு பிரபந்தங்களும் பல. முதியவர் தனித்து நின்று சாதித்தார் என்று சொல்வது கேட்க அழகாக இருக்கும், உண்மை அவ்வாறன்று. மைந்தர் கலியாணசுந்தர ஐயரும் மாணவர்களும் சூழ இருந்தே அவர் உழைத்தார். வேளைக்குச் சோறாக்கி, வந்த விருந்தினரைப் பேணி, ஏட்டுக்கட்டுகளுக்கிடையே குடித்தனம் நடத்திய பெண்மக்களின் உழைப்பும் அதில் அடக்கம். அவர்களுக்கு ஓய்வு நாளும் இல்லை, பட்டமும் இல்லை என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி, அவர்தம் ஓய்வுக்காலத்தின் தலைசிறந்த செயல் என நாம் கருதுவதற்கு வருவோம். 1933இலும் 1934இலும் இரண்டு பாகங்களாக மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரம் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து அப்போது ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை நேரில் கண்டோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். மகாவித்துவான் பாடிய செய்யுள்கள் பல்லாயிரம்; ஆனால் அவர் எப்படிப் பாடஞ்சொன்னார், எந்த ஊரில் எவர் ஆதரித்தனர், எத்தகைய கடன் தொல்லையில் இருந்தார், எழுத்தாணியோடு எதிரே அமர்ந்திருக்கும் மாணவர் கை சோர எவ்வாறு செய்யுள்களை மடைதிறந்தாற்போல் சொல்லிக்கொண்டே போவார் என்பனவெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. அவை உ.வே.சா.வின் நினைவில் இருந்தன. அவர் நெடுங்காலமாகத் திரட்டிய கடிதங்களிலும் முதியோர் வாய்மொழியிலும் இருந்தன. பதிப்பு வேலையை இன்னொருவர் செய்யலாம். சிலப்பதிகாரத்தை அவர் அச்சிட்டிராவிடின் வேறொருவர் சிறிது காலங்கழித்து அச்சிட்டிருக்கக்கூடும். ஆனால் தம் ஆசிரியரின் வாழ்க்கையை அவர் எழுதாமல் விட்டிருந்தால் உலகில் வேறெவராலும் அதனை எழுதியிருக்க முடியாது. எழுபத்தெட்டு வயதில் ஒருவர் செய்யத்தக்க வேலைகளுள், தம்மையன்றிப் பிறரால் இயலாதது எது என்று கண்டு அதனைச் செய்தார்.

இவ்வரலாற்றை எழுதியதால் அவர்தம் நடையே மாறியது. முன்னைய பதிப்புகளின் முகவுரைகளில் அவர் எழுதிய தமிழ் புலவர்க்குரிய தமிழ். நீண்ட தொடர்கள், செறிந்த சொற்கள். 1932இல் தொடங்கிய கலைமகள் போன்ற இதழ்களுக்கு எழுதத் தொடங்கியபின், சிறு சிறு வாக்கியங்களில், கேட்டவாறே பேசுவதுபோல் அவர் தமிழ் இறங்கி வந்தது. ஐம்பதாண்டுகளாக எழுதிப் பழகிய நடையை எண்பதை நெருங்கும் வயதில் மாற்றிக்கொள்வதென்றால், அது தறியில் இருந்த பாவை அறுத்துவிட்டு வேறு பாவு பூட்டுவதற்கு ஒப்பாகும். தாம் ஏடு தேடிச் சென்ற ஊர்கள், கண்ட புலவர்கள், வள்ளல்கள், கிராமத்துக் குடியானவர்கள், கேள்வியுற்ற பழங்கதைகள் யாவும் கட்டுரைகளாயின. நான் கண்டதும் கேட்டதும், புதியதும் பழையதும் ஆகிய தொகுப்புகள் 1936இல் வந்தன. நல்லுரைக்கோவை, நினைவு மஞ்சரி ஆகியவை தொடர்ந்தன. பண்டிதர் என்று அஞ்சி விலகியிருந்த பொதுமக்கள் அவற்றை விரும்பிப் படித்தனர்.

முன்னே நிறுத்திய இசைச் செய்தி இங்கே வந்து சேர்கிறது. ஆசிரியரின் மனத்துக்கிசைந்து இளமையில் இசைப்பயிற்சியைக் கைவிட்டவர், அதே 1936இல், தமக்கு இசை கற்பித்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றை எழுதினார். தம் தந்தைக்கு இசையாசிரியராயிருந்த கனம் கிருஷ்ணையரின் வரலாற்றையும், மகாவைத்தியநாதையர் வரலாற்றையும் எழுதினார். தந்தையார் தம்மிடம் எதிர்பார்த்த துறையில் அவர் பாடகராகவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து அத்துறைக்கு வரலாற்றாசிரியரானார். தமக்குக் கல்லூரிப் பதவி அளித்த தியாகராச செட்டியாரின் வரலாறும் 1942இல் நூலாயிற்று. வீட்டு வாயிலில் பெயரெழுதியதோடு அக்கடன் தீர்ந்ததாக அவர் எண்ணவில்லை போலும்.

நடை எளிமையானதால் புலமைப் பணி தளர்ந்துவிட்டது என்று கருதலாகாது. 1937இல், எண்பத்திரண்டாம் வயதில், அவர் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைக் கையிலெடுத்துப் பார்க்குமாறு மாணவரை வேண்டுகிறோம். கடவுள் வாழ்த்தோடு 402 பாடல்கள் கொண்ட அந்நூலுக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய பழைய உரை அழிந்துவிட்டது. வாணியம்பாடியில் தமிழாசிரியராயிருந்த சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் தம் உரையோடு முதன்முதலாக அதனை அச்சிட்டிருந்தார். அவர் செய்த தொண்டு சிறியதன்று. அதனை நினைவுகூராமல் குறுந்தொகை பற்றிப் பேசுவது முறையன்று. உ.வே.சா. தம் பதிப்பில் ஒவ்வொரு பாட்டிற்கும் மூலத்தையும் பாடவேறுபாட்டையும் தந்து, துறையை விளக்கி, பதவுரை எழுதி, முடிபும் கருத்தும் கூறி, விசேட உரை சேர்த்து, அப்பாட்டை மேற்கோளாக ஆண்ட பழைய உரையாசிரியர்களைச் சுட்டி, ஒத்த கருத்து வரும் பிற நூற்பகுதிகளையும் அடுக்கித் தருகிறார். அவ்வடுக்கின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நாற்பது, ஐம்பது ஆண்டுக்கால வாசிப்பு நிற்கிறது. இளைஞர் ஒருவர் எவ்வளவு கூர்மையுடையவராயினும் இப்பதிப்பைச் செய்திருக்க முடியாது. இது முதுமையால் மட்டுமே செய்யக்கூடிய நூல். வயதானபின்னும் உழைத்தார் என்று சிலரைப் பாராட்டுகிறோம். வயதானதாலேயே இதனைச் செய்ய முடிந்தது என்று குறுந்தொகைப் பதிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெற்ற சிறப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1935 மார்ச்சில் அவரது எண்பதாம் ஆண்டு நிறைவு விழா அப்பல்கலைக்கழக மண்டபத்தில் நடந்தது. 1937இல் காந்தியடிகள் தலைமையில் சென்னையில் கூடிய இலக்கிய மாநாட்டிற்கு வரவேற்புக்குழுத் தலைவராக இருந்து உரையாற்றினார். இவ்விழாக்களால் அவர் வேலை நின்றதாகத் தெரியவில்லை. அதே ஆண்டில்தான் குறுந்தொகை வந்தது.

எண்பத்தைந்தை எட்டும் நிலையில், 1940 ஜனவரியில், ஆனந்த விகடன் வார இதழில் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். பிறர் வரலாறுகளை எழுதி முடித்தபின்னரே தம் வரலாற்றுக்கு வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாரந்தோறும் ஓர் அத்தியாயம். அவர் சொல்ல மாணவர் எழுத, என் சரித்திரம் இரண்டாண்டுகளுக்கு மேல் வந்தது. உத்தமதானபுரத்து வயல்களும், கல்விக்காகத் தந்தையாருடன் அலைந்த ஊர்களும், திருவாவடுதுறை மடத்தின் மாலைப்பொழுதுகளும், ஏடு தேடிப் பட்ட துன்பங்களும் அதில் மெல்ல மெல்ல விரிந்தன. அவர் அவசரப்படவில்லை. எண்பத்தாறு வயதினர் ஒருவர் தம் பத்தாம் வயது நிகழ்ச்சிகளை அவ்வளவு நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் படிக்கும்போது, இவருக்கு இன்னும் நூறாண்டு மீதமிருப்பதுபோல் தோன்றுகிறது.

காலம் அவ்வாறு விடவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சப்பானியர் குண்டு வீசுவர் என்னும் அச்சத்தால் சென்னை மக்கள் நகரை விட்டு வெளியேறினர். உ.வே.சா.வும் குடும்பத்தாருடன் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்று தங்கினார். அங்கேயே ஏப்ரல் 28ஆம் நாள் காலமானார். வயது 87.

என் சரித்திரம் 122 அத்தியாயங்களோடு நின்றது. மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த காலத்தை, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அக்கதை முடிந்துவிடுகிறது. மாநிலக் கல்லூரி அதில் இல்லை. பணி நிறைவு இல்லை. பெருங்கதை, சிதம்பரம், தம் ஆசிரியர் வரலாற்றை எழுதிய நாட்கள், குறுந்தொகை ஆகிய எவையும் இல்லை. நாம் இதுவரை விரித்துரைத்த 23 ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதியது ஒரு வரியும் அந்நூலில் கிடையாது. அவ்வாண்டுகள் அந்நூலை எழுதுவது உள்ளிட்ட வேலைகளிலேயே செலவாகிவிட்டன.

1943இல் ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் அவர் பெயரால் நூல் நிலையம் எழுந்தது. அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த சுவடிகளும் நூல்களும் அங்கே சேர்ந்தன. இன்று அந்நிலையம் பெசன்ட் நகரில் இயங்குகிறது. என் சரித்திரம் 1950இல் நூலாக வெளிவந்தது. அது நின்ற இடத்திலிருந்து தொடங்கி, ஆசிரியரின் பிற்கால வாழ்வை என் ஆசிரியப்பிரான் என்னும் நூலாக எழுதியவர் கி.வா. ஜகந்நாதன். அந்நூலை எழுதும்போது அவரும் முதியவராகியிருந்தார்.